ஊருக்கே தெரிந்த துளை

மனித நாகரிகம் எங்கே உச்சத்தைத் தொட்டது என்று கேட்டால் சிலர் ஏதென்ஸ் என்பார்கள், சிலர் ரோம் என்பார்கள். அவர்கள் யாரும் நெதர் பாட்லிக்குப் போனதில்லை என்பதே இதற்குக் காரணம். இங்கிலாந்தின் நடுவாக்கில் இருக்கும் அந்தச் சிற்றூரில், 'குருட்டு நரி' என்ற மதுவிடுதியின் பின்புறம், ஞாயிறு தவறாமல் கூடுகிறது பாட்லி வட்டாரப் பழங்கார் மன்றம். அந்த மன்றத்தில் பழுதாகாத கார் கிடையாது. அதே நேரத்தில், மன்றம் தோன்றிய நாள் முதல் அங்கே ஒருவருடைய மனமும் பழுதானது கிடையாது. ஏதென்ஸில் இப்படியா? ஒரு நல்ல மனிதருக்கு விஷம் கொடுத்து அனுப்பிய ஊர் அது.

இந்தச் சாதனையின் ரகசியம் எளிமையானது. நெதர் பாட்லியில் யாரும் யாருடைய காரையும் குறை சொல்வதில்லை. அடியில் எண்ணெய் ஒழுகினால், "வண்டி தன் இடத்தைக் குறிச்சு வைக்குது" என்பார்கள். பிரேக் பிடிக்காவிட்டால், "சுதந்திரமான வண்டி" என்பார்கள். குறை ஒன்று இருந்தே தீரும் என்ற இக்கட்டான நிலை வந்தால், அதை 'முந்தைய உரிமையாளர்' தலையில் வைப்பார்கள். முந்தைய உரிமையாளர் என்பவர் மிகவும் வசதியான மனிதர். அவர் எப்போதும் கூட்டத்துக்கு வராதவர்.

இப்படிப்பட்ட உயர்ந்த மன்றத்துக்குள்தான் டாம்சின் பார்ஜிட்டர் கல்யாணம் செய்துகொண்டு நுழையவிருந்தாள். மன்றத்தின் தலைவர் ஆப்ரி ஸ்டேவ்லி. அவருடைய ஒரே மகன் ரூபர்ட். ரூபர்ட்டுக்கும் டாம்சினுக்கும் நிச்சயமாகியிருந்தது. மாதாகோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று ஞாயிறுகள் வாசிக்க வேண்டும். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று பாதிரியார் சபையைப் பார்த்துக் கேட்பார். நெதர் பாட்லியில் பல தலைமுறைகளாக அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததில்லை. தடைகளே இல்லாத ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

டாம்சின் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது என்பது அவளுடைய தொழில் தந்த பழக்கம். தான் கண்டுபிடித்தது தப்பாகத்தான் இருக்கும் என்று நினைப்பது பிறவிப் பழக்கம். இந்த இரண்டாவது பழக்கம் ஸ்டேவ்லி குடும்பத்துக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவளிடம் ஒரு ஹேல்ஸ்டன் கார் இருந்தது. இரண்டே இருக்கை, வெளிர்பச்சை நிறம், அவள் அம்மாவைவிட வயதில் மூத்தது. நிச்சயதார்த்தம் வரை அது ஒழுங்காக ஓடியது. நிச்சயதார்த்தப் பரிசாக வருங்கால மாமனார் அதை 'ட்யூன்' செய்து கொடுத்தார். எஞ்சினில் ஏதோ ஒரு மீட்டரை மாட்டி, முள்ளைப் பார்த்து, "ம்ம்" என்றார். பிறகு மீட்டரைக் கழற்றிவிட்டு, மருமகள் கையைக் குலுக்கினார். அன்றிலிருந்து கார் எங்கே நின்றாலும் எஞ்சின் அணைந்துபோனது.

"என்னம்மா, நம்ம ட்யூனிங் எப்படி?" என்று அடுத்த ஞாயிறு, மதுவிடுதியின் பின்புறம், ஆப்ரி கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள் டாம்சின். "நின்னா மட்டும் ஆஃப் ஆயிடுது."

"நின்னாலா?" ஆப்ரி யோசித்தார். "நிக்காம ஓட்டிப் பாத்தியா?"

"சிக்னல்ல நிக்கணுமேங்க."

"அது சிக்னல் வெச்சவன் தப்பு. இந்தக் காரைச் செஞ்ச காலத்துல இந்த ஊர்ல சிக்னலே கிடையாது. ட்யூனிங் அந்தக் காலத்து முறைப்படி செஞ்சது."

எல்லோரும் தலையசைத்தார்கள். இருந்தாலும் மன்றம் கடமை தவறாதது. நின்ற நிலையில் எஞ்சின் ஓடாத இந்த 'ஐடிலிங் விவகாரம்' உடனடியாக ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. தொழில்நுட்பச் செயலாளர் நார்மன் கிரப் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு, மறுமுனையைக் கார்பரேட்டர் வாயில் வைத்தார். ஹேல்ஸ்டனுக்கு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர்கள் இரண்டு. இரண்டும் ஒரே சுருதியில் மூச்சிழுக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பது முறை. டாம்சின் ஆக்ஸிலரேட்டரை மிதித்து எஞ்சினை உயிரோடு வைத்திருந்தாள்.

"இடது 'ஸ்ஸ்'ங்குது," என்றார் நார்மன். "வலதும் 'ஸ்ஸ்'ங்குது."

"நடுவுல?" என்று கேட்டாள் டாம்சின். "நடுவுல ஒண்ணு பெரிசா 'உஸ்ஸ்'ங்குதே. குழாயே வேண்டாம், எனக்கு இங்கேயே கேக்குது."

நார்மன் குழாயின் முனையை நடுப்பக்கம் கொண்டுபோனார். அவர் முகம் ஒரு கணம் மாறியது. அவர் ஆப்ரியைப் பார்த்தார். பிறகு குழாயைக் காதிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் தூறும்போல இருக்கு," என்றார்.

"ஏங்க, பாம்பு சீறுற மாதிரி எனக்கே கேக்குதே!" என்றாள் அவர் மனைவி மாவிஸ், தேநீர்த் தட்டோடு வந்தவள்.

"மாவிஸ், சாண்ட்விச் எங்க?"

"சாண்ட்விச்சா சீறுது?"

"சாண்ட்விச் எங்கன்னு கேட்டேன்."

இவ்வாறாக முதல்கட்ட ஆராய்ச்சி முடிவுற்றது. இரண்டாம் கட்டத்தில், இந்தக் காலத்துப் பெட்ரோல் சரியில்லை என்று கண்டறியப்பட்டது. மூன்றாம் கட்டத்தில் கார்பரேட்டரின் தலைக்குள் எஞ்சின் ஆயில் ஊற்றுவதா, தையல் மெஷின் எண்ணெய் ஊற்றுவதா என்ற கேள்வி எழுந்தது. மன்றம் இரண்டாகப் பிரிந்து, தனித்தனி மேசைகளில் உட்கார்ந்து, ஒரே மதுவைக் குடித்தது. கடைசியில் இரண்டையும் கலந்து ஊற்றினார்கள். இரு தரப்பு மனமும் நிறைந்தது. கார் மட்டும் அணைந்தது.

இறுதித் தீர்வை ஆப்ரியே அருளினார். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் சோக்கைப் பாதி இழுத்து, அது உள்ளே போகாதபடி துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டார். இப்போது எஞ்சின் அணையவில்லை. ஆனால் கட்டிப்போட்ட காளை மாதிரி நின்ற இடத்திலேயே உறுமியது. தபால் நிலையத்தின் எதிரில், பாதசாரிகள் கடக்கும் கோட்டில், கிளட்சிலிருந்து டாம்சினின் கால் லேசாக வழுக்கியபோது கார் முன்னால் தாவியது. கடந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தபால்பெட்டியைக் கட்டிக்கொண்டு தப்பித்தார்.

"மன்னிச்சுக்கங்க!" என்று கத்தினாள் டாம்சின்.

"இல்ல இல்ல, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்," என்றார் அவர், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடியே. "நடுவுல வந்துட்டேன்."

அன்று மாலை டாம்சின் வீட்டு ஷெட்டில் பானட்டைத் திறந்தாள். மன்றம் மாற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். ஒன்றை மாற்றினாள், கேட்டாள். அடுத்ததை மாற்றினாள், கேட்டாள். கடைசியில் அந்தச் சீறல் வரும் இடத்தைத் தேடி விரலை ஓட்டினாள். கார்பரேட்டர்களிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில், பட்டாணி அளவுக்கு ஒரு துளை இருந்தது. உள்ளே மரை வெட்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரு திருகாணி இருந்திருக்க வேண்டும். துளை வழியே வேண்டாத காற்று உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது.

கட்டைவிரலால் மூடினாள். எஞ்சின் பால் குடித்த குழந்தை மாதிரி அமைதியானது. விரலை எடுத்தாள். இருமிக்கொண்டு செத்தது. மறுபடி கிளப்பி மூடினாள். தனக்கே நம்பிக்கை வராமல், இடது கட்டைவிரலாலும் மூடிப் பார்த்தாள்.

ரூபர்ட் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றான். நல்ல உயரம், நல்ல பல்வரிசை, யாரையும் நோகடிக்காத குரல்.

"ரூபர்ட், இங்க ஒரு ஓட்டை இருக்கு."

"ஓ," என்று எட்டிப் பார்த்தான். "அழகா இருக்கு."

"ஓட்டை எப்படிய்யா அழகா இருக்கும்? உங்கப்பா மீட்டர் மாட்டுன இடம் இது. இங்க இருந்த ஸ்க்ரூவைக் கழட்டி மீட்டரை மாட்டியிருக்காரு. திரும்பப் போடாம விட்டுட்டாரு."

"அப்பா போடாம விட்டுட்டாருன்னு சொல்றது ஒரு கோணம்."

"இன்னொரு கோணம் என்ன?"

"ஸ்க்ரூ திரும்பி வரலைன்னும் சொல்லலாம்."

டாம்சின் அவனையே பார்த்தாள். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்னு இல்ல." ரூபர்ட் தேநீரை ஒரு மிடறு குடித்தான். "தெரியாதுன்னும் இல்ல."

"நார்மனுக்கு?"

"நார்மன் அனுபவசாலி. அவருக்குத் தெரியாம இருக்குமா?"

"அப்புறம் ஏன் யாரும் சொல்லல?"

"யாரும் கேக்கலையே, டாம்சின். நேரடியா."

அவள் கடைக்குப் போய் அளவான பித்தளைத் திருகாணி ஒன்றை வாங்கி வந்து முடுக்கினாள். கிளிப்பைத் துணிக்கொடிக்கே திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு மன்றத்தில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. ஹேல்ஸ்டன் ஒழுங்காக நின்றது. எஞ்சின் ஒரே சீராக, கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மாவிஸ் திறந்த பானட்டுக்குள், எஞ்சின் மூடிமேல் தேநீர்க் கோப்பை ஒன்றை வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றாக ஓடுகிற காரைச் சுற்றி நின்று என்ன பேசுவது என்று எவருக்கும் தெரியவில்லை.

ஆப்ரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். திருகாணியைக் கண்டார்.

"இதை அடைச்சது யாரு?"

டாம்சின் வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே தொடர்ந்தார். "முந்தைய உரிமையாளர்! வேற யாரு செய்வா இந்த வேலையை? இது எஞ்சினோட மூச்சுத் துளைப்பா! மூக்கை அடைச்சு வெச்சா மனுஷன் எப்படி இருப்பான்?"

"போன வாரம் தொறந்துதாங்க இருந்துச்சு," என்றாள் டாம்சின்.

"அதனாலதாம்மா மூச்சு விட்டுச்சு. நீயே சொன்னியே, 'உஸ்ஸ்'ங்குதுன்னு." அவர் திருகாணியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். சீறல் கேட்டது. எஞ்சின் குலுங்கியது, கோப்பை கவிழ்ந்தது, கார் அணைந்தது.

"ஆங்," என்றார் ஆப்ரி, மனநிறைவோடு. "இப்பதான் இயற்கையா இருக்கு."

மன்றம் கைதட்டியது. நார்மன் கிரப் எல்லோரையும்விடச் சற்றே மெதுவாகத் தட்டினார். ஊரில் நியாயத்துக்காகக் குரல் கொடுப்பது என்றால் அந்த அளவுதான்.

டாம்சின் ரூபர்ட்டைப் பார்த்தாள். அவளுக்குத் தேவையாக இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அது நீளமான வாக்கியமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஒரு தடவை அவன் தன் பக்கம் நின்று வாயைத் திறந்தால் போதும். மிச்ச வாழ்நாளை அந்த வீட்டில் ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

ரூபர்ட் வாயைத் திறந்தான்.

"நல்லவேளை பாத்தீங்கப்பா," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை பேர், இத்தனை கார்கள், இத்தனை வருட அனுபவம். ஒருவேளை மூச்சுத் துளையேதானோ? மறுபடி ஷெட்டுக்குப் போய்க் கட்டைவிரலால் மூடிப் பார்த்தாள். எஞ்சின் அமைதியானது. கட்டைவிரல் நெதர் பாட்லியில் பிறந்ததுதான் என்றாலும் அதற்கு மரியாதை தெரியவில்லை. சனிக்கிழமை இன்னொரு திருகாணி வாங்கி வந்து முடுக்கினாள்.

"இது இப்படியே இருக்கட்டும், ரூபர்ட்," என்றாள். "உங்கப்பா என்ன சொன்னாலும் சரி. இதைக் கழட்ட விடமாட்டேன்னு சொல்லு."

"கண்டிப்பா," என்றான் ரூபர்ட். அவள் நெற்றியில் முத்தமிட்டான்.

மறுநாள் மூன்றாவது ஓலை. ரூபர்ட் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டான். காரைத் துடைத்து வைக்கிறேன் என்று ஷெட்டுக்குப் போனான். எவ்வளவு நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டே டாம்சின் தலை வாரினாள். கிளம்பும்போது எஞ்சின் சில்லென்று இருந்ததால் சோக்கை இழுத்துவிட்டு ஓட்டினாள். வண்டி மறுபேச்சு பேசாமல் போனது. சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ளினாள். கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. முன்னால் சைக்கிளில் போன அம்மாள் ஒருத்தி தண்டவாளத்தைக் கண்டதும் தள்ளாடினாள். டாம்சின் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

எஞ்சின் இருமியது. செத்தது. கார் தண்டவாளத்தின் நடுவே நின்றது. சைக்கிள் அம்மாள் போய்விட்டாள்.

சாவியைத் திருப்பினாள். பிடித்தது, விட்டது. மறுபடி திருப்பினாள். கேட்டின் சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னத் தொடங்கின. மணி அடித்தது.

"ரூபர்ட், இறங்கித் தள்ளு!"

"இதோ. கோட்டைக் கழட்டிக்கறேன், புதுசு—"

"தள்ளுய்யா!"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கதவுப்பக்கமிருந்து தள்ளினாள். அவன் பின்னாலிருந்து தள்ளினான். சக்கரம் தண்டவாளத்தில் ஏறி, தயங்கி, இறங்கியது. கார் மறுபக்கச் சரிவில் உருண்டு ஓரத்துப் புல்லில் போய் நின்றது. தடுப்புகள் இறங்கின. ரயில் நீளமாகக் கத்திக்கொண்டு கடந்துபோனது. ரூபர்ட்டின் கழுத்துப்பட்டை காற்றில் பறந்து அவன் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் அதை நேர்த்தியாக எடுத்து உள்ளே செருகிக்கொண்டான்.

டாம்சின் பானட்டைத் திறந்தாள். துளை திறந்திருந்தது.

"ஸ்க்ரூ எங்க?"

"பத்திரமா இருக்கு," என்று ரூபர்ட் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். திருகாணியைத் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருந்தான். "சர்ச் வாசல்ல அப்பா பானட்டைத் தொறந்து பாப்பாரு. இதைப் பாத்தா அவரு மனசு கஷ்டப்படும். பாத்து முடிச்சதும் மாட்டிடலாம்னுதான்..."

"ரயில் வந்துச்சு, ரூபர்ட்."

"வந்துச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை அது எப்பவும் லேட்டாத்தான் வரும்."

அவள் கையை நீட்டினாள். திருகாணியை வாங்கி விரலாலேயே முடுக்கினாள். கார் கிளம்பியது. கோவிலை நெருங்கும்போது, "அப்பா கிட்ட ரயிலைப் பத்திச் சொல்ல வேண்டாம்," என்றான் ரூபர்ட். "தன்னாலதானோன்னு நினைச்சுப்பாரு."

வழிபாடு தொடங்கியிருந்தது. கையில் கிரீஸோடு டாம்சின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ரூபர்ட் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். முன்வரிசைகளில் மன்றம் முழுவதும் நல்ல உடையில் இருந்தது. பாதிரியார் ஃபெலிசிட்டி, அன்பான அம்மாள், மூன்றாம் முறையாக ஓலையை வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"உண்டுங்க," என்று டாம்சின் எழுந்தாள்.

பக்கம் பாதியில் நின்றது.

"உக்காரும்மா," என்றார் ஃபெலிசிட்டி, மெல்ல. "இது பதில் சொல்ற கேள்வி இல்ல."

"கேட்டீங்களே."

"கேப்போம். வழக்கம்."

"எனக்குப் பதில் தெரியுங்க. என் கார்ல ஒரு ஓட்டை இருக்கு. மிஸ்டர் ஸ்டேவ்லி ஸ்க்ரூவைப் போட மறந்த ஓட்டை. அவரு மறந்தது பெரிய விஷயம் இல்ல, யாரும் மறப்பாங்க. நான் அடைச்சேன். அவரு மனசு நோகக் கூடாதுன்னு இன்னிக்குக் காலையில ரூபர்ட் அதை எனக்குத் தெரியாமக் கழட்டிட்டாரு. இப்ப வர்ற வழியில தண்டவாளத்து நடுவுல நின்னோம். ரயில் வந்துச்சு." தான் சொல்வது தப்போ என்று ஒரு கணம் வழக்கம்போலத் தோன்றியது. கிரீஸ் பட்ட கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். "அந்த ஓட்டையைப் பத்தி முன்னாடியே தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

மாவிஸின் கை எழுந்தது. நார்மன் கிரப் பாதிவரை தூக்கி, அப்படியே தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

ஆப்ரி ஸ்டேவ்லி மகன் பக்கம் சாய்ந்தார். "வெயில் நல்லா அடிக்குது இன்னிக்கு," என்றார்.

"ஆமாப்பா," என்றான் ரூபர்ட்.

டாம்சின் மோதிரத்தைக் கழற்றிக் காணிக்கைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வழிபாடு முடிந்ததும் சபை அவளைத் தேடிக் கோவிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்கே வந்தது. நெதர் பாட்லியின் பெருந்தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"முத நாளே குழாயில கேட்டுட்டேன்மா," என்றார் நார்மன். "சரியாச் சொன்ன."

"பையனும் அப்படித்தான்," என்றாள் மாவிஸ். "சின்ன வயசுலேருந்தே. நாங்களே பேசிக்குவோம், பாவம் இந்தப் பொண்ணுன்னு."

"கேட்டாண்ட வண்டி நின்னுட்டதைப் பின்னால வந்த நான் பாத்தேன்," என்றார் தலைமையாசிரியர். "ஹாரன் அடிக்கலாம்னு நினைச்சேன். அவசரப்படுத்துற மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். அந்த ஊரில் உண்மை தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. கெட்டவர் ஒருவர்கூட இல்லை. சக்கரம் தண்டவாளத்தில் இன்னும் சற்றுத் தயங்கியிருந்தால், இதே தோட்டத்துக்கு இதே ஆட்கள் இதே நல்ல உடையில் வந்திருப்பார்கள். மலர்வளையம் மிகப் பெரியதாக இருந்திருக்கும். கொன்றவர்கள் அனைவரும் அதில் கையெழுத்திட்டிருப்பார்கள்.